கொல்லையில் முளைத்த ஊமத்தை: பிடுங்கலாமா, விடலாமா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புதிதாகக் குடிபோன வீட்டின் கொல்லையில் ஊமத்தை தானாக முளைத்து, இடுப்பளவு வளர்ந்து, பூவும் காயுமாக நிற்கிறது. வீட்டில் மூன்று வயதுக் குழந்தை. பிடுங்கலாம் என்றால் மாமியார் தடுக்கிறார்: சிவனுக்கு உகந்த செடி, தவிர மூட்டு வீக்கத்துக்கு இலையை வதக்கிக் கட்டினால் கேட்கும் என்கிறார். இது உண்மையிலேயே அவ்வளவு விஷமா, மருந்துக்கு ஆகுமா, வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பிடுங்கிவிடுங்கள். இந்த வாரமே, காய் வெடிப்பதற்குள். மாமியார் சொல்வதிலும் உண்மை இருக்கிறது, அதனால் அதை ஒரேயடியாகத் தள்ளிவிடாமல் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். தாவரவியல் சொல்லிக்கொடுப்பது என் தொழில். இந்தச் செடியைப் பற்றி வீடுகளில் புழங்கும் அரைகுறைத் தகவல்கள் எனக்கு நெடுநாள் கவலை.

முதலில் அது ஊமத்தைதானா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். இலை அகலமாக, ஓரம் நெளிநெளியாக இருக்கும். காம்போடு சேரும் இடத்தில் இலையின் ஒரு பக்கம் கொஞ்சம் மேலேயும் மறுபக்கம் கீழேயும் தொடங்கும். கசக்கினால் ஒரு காட்டமான, குமட்டும் வாடை வரும். பூ நீண்ட புனல் வடிவம், ஒரு சாண் நீளம்கூட வரும். வெள்ளையாக இருந்தால் வெள்ளூமத்தை. தண்டும் பூவின் வெளிப்புறமும் கருஞ்சிவப்பும் ஊதாவுமாக இருந்தால் கருஊமத்தை. அதில் பூவுக்குள் பூவாக இரண்டு மூன்று அடுக்கும் உண்டு. மொட்டு முறுக்கிய துணி மாதிரி இருந்து, பொழுது சாயும்போது பிரிந்து விரியும். இரவில் வரும் பெரிய அந்துப்பூச்சிகளை நம்பிப் பூக்கும் செடி அது. காய் எலுமிச்சை அளவு உருண்டையாக, மேலெல்லாம் மழுங்கிய முள்ளோடு, தலை கவிழ்ந்து தொங்கும். காயின் அடியில் பூவின் புல்லிவட்டம் காய்ந்து ஒரு சின்னப் பாவாடை போல ஒட்டியிருக்கும். அதைப் பார்த்துவிட்டால் சந்தேகமே வேண்டாம். மருளூமத்தை, பொன்னூமத்தை என்று பெயரில் ஊமத்தை உள்ள வேறு செடிகளும் உண்டு, அவற்றுக்கும் இதற்கும் உறவு கிடையாது.

உறவு எதனோடு என்று பார்த்தால் வியப்பாக இருக்கும். கத்தரி, தக்காளி, மிளகாய், உருளைக்கிழங்கு, சுண்டைக்காய், மணத்தக்காளி, தூதுவளை, அமுக்கரா எல்லாம் இதே கத்தரிக் குடும்பம்தான். நம் சமையலறையில் பாதியும் நாட்டு மருந்துக் கடையில் ஒரு பகுதியும் இந்தக் குடும்பத்துக்காரர்கள். ஊமத்தை விதை மிளகாய் விதை மாதிரியே இருப்பதற்கும் இந்த உறவுதான் காரணம். அந்த ஒற்றுமை ஒரு காலத்தில் இந்தியா முழுக்கப் பயணிகளின் உயிரைக் குடித்தது. வழியில் சிநேகம் பிடித்து, உணவில் ஊமத்தையைக் கலந்து கொடுத்து, மயங்கியதும் பொருளைச் சுருட்டுவது 19ஆம் நூற்றாண்டில் வழிப்பறிக்காரர்களின் வழக்கம். அதனால்தான் இன்றைக்கும் நம் மருத்துவக் கல்லூரிகளில் இரண்டு விதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பிரித்தறியச் சொல்லிக்கொடுக்கிறார்கள்.

நீங்களும் கையுறை போட்டுக்கொண்டு ஒரு லென்ஸ் வைத்துப் பார்க்கலாம். மிளகாய் விதை மெல்லியது, வெளிர் மஞ்சள், மேற்பரப்பு வழவழப்பு, ஓரம் ஒற்றைக் கூர். ஊமத்தை விதை கொஞ்சம் பெரியது, தடிமனானது, சிறுநீரக வடிவம், பழுப்பு நிறம், மேலெல்லாம் அம்மைத் தழும்பு போலக் குழிகள், வளைந்த ஓரத்தில் இரட்டை விளிம்பு. மிளகாய் விதையில் காரநெடி இருக்கும், ஊமத்தை விதையில் வாசமே இருக்காது. நாக்கில் வைத்துப் பார்த்து முடிவு செய்கிற வேலை மட்டும் வேண்டாம்.

சரி, விஷம் எப்படி வேலை செய்கிறது? எச்சில் சுரப்பது, வியர்ப்பது, கண்மணி சுருங்குவது, குடல் அசைவது, சிறுநீர்ப்பை சுருங்குவது, இதயம் நிதானமாகத் துடிப்பது, இத்தனைக்கும் நரம்பிலிருந்து கட்டளை கொண்டு போவது அசிட்டைல்கோலின் என்ற ஒரு ரசாயனம். ஊமத்தையில் ஹயோசயமின், அட்ரோபின், ஸ்கோபோலமின் என்ற ஆல்கலாய்டுகள், அதாவது செடி தானே உண்டாக்கும் வீரியமான ரசாயனங்கள், இருக்கின்றன. அந்தக் கட்டளை போய்ச் சேர வேண்டிய இடத்தில் இவை போய் உட்கார்ந்துகொள்ளும். இதைப் புரிந்துகொண்டால் அறிகுறிகளை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. எச்சில் வற்றி வாய் ஒட்டிக்கொள்ளும், விழுங்க முடியாது, குரல் கம்மும். வியர்வை நின்றுபோவதால் உடம்பு அனலாகக் கொதிக்கும், தோல் காய்ந்து முகம் சிவக்கும். கண்மணி அகலமாக விரிந்து, பக்கத்தில் இருப்பது மங்கும், வெளிச்சம் கூசும். இதயம் படபடவென்று ஓடும். சிறுநீர் முட்டிக்கொண்டு நிற்கும். மூளைக்குப் போனதும் குழப்பம் ஆரம்பிக்கும்.

சாப்பிட்ட அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் இது பெரும்பாலும் தொடங்கிவிடும். குடல் மந்தமாகிவிடுவதால் உள்ளே போன விதை அங்கேயே தங்கி, விஷம் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே இருக்கும். ஒரு நாள், இரண்டு நாள் நீடிப்பது சகஜம். மற்றதெல்லாம் சரியான பிறகும் கண்மணி சில நாள் விரிந்தே இருக்கும்.

அந்தக் குழப்பத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பாதிக்கப்பட்டவர் இல்லாத ஆளோடு பேசுவார், முணுமுணுப்பார், காற்றில் நூல் இழுப்பது போல விரலை அசைப்பார், போர்வையைப் பிய்த்துக்கொண்டே இருப்பார், தள்ளாடுவார், சட்டென்று பயந்து அலறுவார். வீட்டில் இருப்பவர்களுக்கு இது எப்படித் தெரியும்? நன்றாக விளையாடிக்கொண்டிருந்த குழந்தை ஒரு மணி நேரத்தில் கண் அகல விரிந்து, யாருமில்லாத மூலையைப் பார்த்துப் பேசினால், காத்து கருப்பு அண்டிவிட்டது என்று நினைப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். மந்திரிக்கவும் விபூதி போடவும் ஓடி, மருத்துவமனைக்குப் போக வேண்டிய பொன்னான நேரம் போய்விடும். உடம்பு சுடுவதைப் பார்த்து வெறும் காய்ச்சல் என்று மாத்திரை கொடுத்துப் படுக்கவைப்பதும் நடக்கிறது. நான் எழுதியதில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: விரிந்த கண்மணி, வறண்ட வாய், வியர்வையே இல்லாத சூடான உடம்பு, பிதற்றல். இந்த நான்கும் சேர்ந்து வந்தால் ஊமத்தையைச் சந்தேகப்பட வேண்டும்.

அப்படி ஒரு நிலை வந்தால் 108க்கு அழையுங்கள், அல்லது கையில் கிடைத்த வண்டியில் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். வாயில் மிச்சம் இருந்தால் விரலால் துடைத்தெடுங்கள். மோர், எலுமிச்சைச் சாறு, உப்புத் தண்ணீர் என்று எதையும் ஊற்ற வேண்டாம். விழுங்கும் திறன் குறைந்திருக்கும்போது அது மூச்சுக்குழலுக்குள் இறங்கும். வாந்தி எடுக்கவும் வைக்காதீர்கள். கடித்த காயோ, ஒரு இலையோ, ஒரு கிளையோ பையில் போட்டுக் கொண்டுபோய், "ஊமத்தங்காய் தின்றிருக்கிறது" என்று மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். இந்த ஒரு வாக்கியம், மூளைக்காய்ச்சலா, வலிப்பா, வேறு எதுவுமா என்று தேடும் வேலையைப் பெரிதும் குறைக்கும். நேரத்தோடு போனால் விஷத்தை உறிஞ்சும் கரித்தூள் கொடுப்பார்கள், உடம்புச் சூட்டைத் தணிப்பார்கள், கொந்தளிப்பை அடக்க மருந்து தருவார்கள், சிறுநீரை வெளியேற்றுவார்கள். பைசோஸ்டிக்மின் என்று ஒரு முறிமருந்தும் உண்டு, ஆனால் எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. நேரத்துக்குச் சிகிச்சை கிடைத்தால் பெரும்பாலானவர்கள் பிழைத்துக்கொள்கிறார்கள்.

எத்தனை விதை தின்றால் ஆபத்து என்று பலர் கேட்பார்கள். நான் எண்ணிக்கை சொல்வதில்லை. செடிக்குச் செடி, இலைக்கு இலை, பருவத்துக்குப் பருவம் விஷத்தின் அளவு மாறும். ஒரு செடியில் ஒன்றும் செய்யாத அளவு இன்னொன்றில் உயிருக்கு உலை வைக்கும். மூன்று வயதுக் குழந்தை என்றால் கொஞ்சமும் அதிகம்தான்.

வேகவைத்தால் விஷம் போய்விடும் என்ற நம்பிக்கையும் தவறு. 1676இல் அமெரிக்காவின் ஜேம்ஸ்டவுனில், கலகத்தை அடக்க வந்த ஆங்கிலேயச் சிப்பாய்கள் ஊமத்தையின் இளம் இலையைக் கீரையாக வேகவைத்துத் தின்று, 11 நாள் புத்தி பேதலித்துக் கிடந்ததாகப் பதிவு இருக்கிறது. அந்த ஊர்ப் பெயரிலேயே செடிக்கு அங்கே ஜிம்சன்வீட் என்று பெயர் வந்தது. பழங்கதை என்று விட்டுவிட முடியாது. 2019இல் உகாண்டாவின் கரமோஜா பகுதியில் நிவாரணமாகக் கொடுத்த சத்துமாவில் ஊமத்தை விதை கலந்துபோய், சுமார் 300 பேர் பாதிக்கப்பட்டார்கள், ஐந்து பேர் இறந்தார்கள். அந்த மாவும் கஞ்சியாகக் காய்ச்சிக் குடிப்பதுதான். வயலில் களையாக நின்ற செடி அறுவடையோடு சேர்ந்துவந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம். உங்கள் கொல்லையில் கீரைப்பாத்தி இருந்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். இளம் ஊமத்தைக் கன்று கீரையோடு கீரையாக நின்றால் அவசரத்தில் கிள்ளுகிற கைக்கு வித்தியாசம் தெரியாது.

தின்றால்தான் ஆபத்து என்றும் இல்லை. வெளிக்கள வகுப்பில் ஊமத்தைப் பூவைப் பிரித்துப் பார்த்த என் மாணவி ஒருத்தி, கையைக் கழுவாமல் கண்ணைக் கசக்கிவிட்டாள். சாயங்காலம் ஒரு கண்மணி மட்டும் பெரிதாகி, எழுத்து மங்கலாகத் தெரிகிறது என்று பயந்துபோய் வந்தாள். ஒற்றைக் கண்மணி விரிந்தால் மூளையில் ஏதோ என்றுதான் மருத்துவர்களும் முதலில் அஞ்சுவார்கள். செடியைத் தொட்டதைச் சொன்னதால் வீண் அலைச்சல் இல்லாமல் போயிற்று, இரண்டு மூன்று நாளில் கண் சரியானது. விநாயகர் சதுர்த்திக்கு விற்கும் 21 இலைக் கட்டில் ஊமத்தை இலையும் இருக்கும். பூசை முடிந்ததும் குழந்தைகள் அதை வைத்து விளையாடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், எடுத்தவர்கள் கையை சோப்புப் போட்டுக் கழுவட்டும்.

இனி உங்கள் மாமியார் சொல்வதற்கு வருகிறேன். ஊமத்தை மருந்துதான், அதில் சந்தேகமே இல்லை. சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனி அரசின் தலைமை மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன், ஊமத்தையைப் புகைத்தால் மூச்சிரைப்பு தணிகிறது என்று கண்டு சொன்ன செய்தி 1802 வாக்கில் பிரிட்டனுக்குப் போயிற்று. அதன் பிறகு 19ஆம் நூற்றாண்டு முழுக்க அங்கே ஆஸ்துமா சிகரெட் விற்றார்கள். இன்றைக்கு நுரையீரல் நோயாளிகள் உறிஞ்சும் இன்ஹேலரில் உள்ள இப்ராட்ரோபியம் என்ற மருந்து, அட்ரோபின் மூலக்கூறிலிருந்து உருவானதுதான். ஜப்பானில் ஹனவோகா செய்ஷூ என்ற அறுவை மருத்துவர் 1804இல் ஊமத்தையும், வச்சநாபி என்ற நச்சுச் செடியின் உறவுச் செடியும் சேர்ந்த கஷாயத்தைக் கொடுத்து ஒரு பெண்ணை மயக்கத்தில் ஆழ்த்தி, மார்பகப் புற்றுக்கட்டியை அறுத்தெடுத்தார். அமெரிக்காவின் பாஸ்டனில் ஈதர் என்ற மயக்க மருந்தைக் கொடுத்து அறுவை செய்துகாட்டியதற்கு 42 ஆண்டு முன்னால் நடந்தது இது. அந்தக் கஷாயத்தின் அளவைக் கண்டுபிடிக்கும் சோதனையில் அவருடைய மனைவி பார்வையை இழந்தார். அளவு தெரியாத காலத்தில் அதற்குக் கொடுத்த விலை அது.

நம் ஊர் மருத்துவமனைகளுக்கு வாருங்கள். பூச்சிமருந்து குடித்தவரைக் கொண்டுவருவார்கள்: வாயில் நுரையாக எச்சில் வழியும், உடம்பெல்லாம் வியர்வை, கண்மணி ஊசிமுனை போலச் சுருங்கியிருக்கும், நெஞ்சில் சளி கரகரக்கும். ஊமத்தை விஷத்துக்கு நேர் எதிரான கோலம். அசிட்டைல்கோலின் அளவுக்கு மீறித் தேங்கியதால் வருவது. அவருக்கு ஏற்றுவது அட்ரோபின் ஊசி, ஊமத்தையில் இருக்கும் அதே பொருள். நெஞ்சு தெளிந்து, அக்குள் காய்ந்து, நாடி ஏறும் வரை ஏற்றுவார்கள். நோயாளி போர்வையைப் பிய்க்க ஆரம்பித்துப் பிதற்றினால், அட்ரோபின் மிஞ்சிவிட்டது என்று உடனே குறைப்பார்கள். தமிழ்நாட்டில் இந்த ஊசியால் பிழைத்த குடும்பங்கள் எத்தனையோ. அங்கே மில்லிகிராம் கணக்கில் அளவு தெரியும், பக்கத்திலேயே நின்று பார்க்க ஆள் இருக்கிறார்கள். கொல்லையில் பறித்த இலையில் எவ்வளவு இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. நான் சொல்ல வருவது இவ்வளவுதான்.

சித்த மருத்துவத்தில் மத்தன் தைலம் என்று ஒன்று உண்டு. ஊமத்தை இலைச்சாறு, தேங்காயெண்ணெய், மயில்துத்தம் (தாமிர உப்பு) சேர்த்துக் காய்ச்சுவது, ஆறாத புண்ணுக்கு வெளிப்பூச்சாகத் தருவார்கள். அதற்கு முறை இருக்கிறது, படித்த வைத்தியர் இருக்கிறார். இந்திய மருந்துச் சட்ட விதிகளில் நச்சுப் பொருள்களுக்கென்றே உள்ள இ1 பட்டியலில் ஊமத்தை இருக்கிறது. அது சேர்ந்த உள்மருந்தில் மருத்துவர் மேற்பார்வையில்தான் சாப்பிட வேண்டும் என்று எச்சரிக்கை அச்சிட வேண்டும். வைத்தியமரபே இதை விஷச்சரக்கு என்று சொல்லி, நச்சைக் குறைக்கச் சுத்தி செய்து, அஞ்சித்தான் கையாண்டிருக்கிறது. வீட்டு வைத்தியத்தில்தான் அந்த அச்சம் போய்விட்டது.

இலையை வதக்கி மூட்டில் கட்டுவதைப் பற்றி: இந்த ஆல்கலாய்டுகள் தோல் வழியாகவும் உள்ளே போகும். பயணத்தில் வாந்தி வராமல் இருக்க வெளிநாடுகளில் காதுக்குப் பின்னால் ஒட்டும் ஸ்கோபோலமின் பட்டை இதே வழியில்தான் வேலை செய்கிறது. வெடிப்போ புண்ணோ இருந்தால் இன்னும் வேகமாக ஏறும். உங்கள் மாமியாருக்குக் கண்ணழுத்த நோயோ, இதயப் படபடப்போ இருந்தால் இதன் பக்கமே போகக் கூடாது. வீட்டில் மாமனாருக்கு புராஸ்டேட் வீக்கத்தால் சிறுநீர் தடைபட்டால் அவருக்கும் அப்படியே. வலிக்கு இதமாக வேண்டுமென்றால் நொச்சி இலையை வதக்கி ஒத்தடம் கொடுங்கள். வீக்கம் குறையாவிட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

இதைவிட எனக்குப் பயம் தருவது நாய்க்கடிக்கு ஊமத்தையை அரைத்துக் கொடுக்கும் வழக்கம். வெறிநாய்க்கடிக்கு ஊமத்தையில் எந்தத் தீர்வும் கிடையாது. கடிவாயை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால் மணி நேரம் கழுவி, அன்றைக்கே தடுப்பூசி ஆரம்பிக்க வேண்டும், அரசு மருத்துவமனைகளில் இலவசம். பச்சிலை கொடுத்துவிட்டோம் என்ற நிம்மதியில் ஊசி போடாமல் விட்டால், ரேபீஸ் வந்த பிறகு காப்பாற்ற வழியே இல்லை. காய்ந்த ஊமத்தை இலையைப் பீடி மாதிரி சுருட்டி மூச்சிரைப்புக்குப் புகைப்பதும் இன்று தேவையற்ற ஆபத்து. அதைவிடப் பாதுகாப்பான இன்ஹேலர் வந்து பல காலமாகிறது.

சிவனுக்கு உகந்த செடி என்பது மறுக்க முடியாதது. மத்தம் என்ற பெயரில் தேவாரத்தில் திரும்பத் திரும்ப வருகிறது, கொன்றைக்கும் பிறைக்கும் பக்கத்தில் சடையில் இருக்கும் மலர். இதில் தாவரவியல்காரர்களுக்கு ஒரு புதிர் உண்டு. ஊமத்தை இனத்தின் நெருங்கிய உறவுகள் அமெரிக்கக் கண்டத்தைச் சேர்ந்தவை. கொலம்பஸ் கப்பல் ஏறுவதற்குப் பல நூற்றாண்டு முன்பே அது நம் பாட்டில் எப்படி வந்தது என்பது இன்னும் பேசித் தீராத கேள்வி. பூசைக்கு வேண்டுமென்றால் வில்வமும் தும்பையும் சிவனுக்கு உகந்தவைதானே. அந்த இடத்திலேயே தும்பை விதையைத் தூவலாம் என்று மாமியாரிடம் சொல்லிப் பாருங்கள், ஒப்புக்கொள்வார் என்று நினைக்கிறேன்.

பிடுங்கும் முறை: குழந்தையை உள்ளே அனுப்பிவிட்டு, ரப்பர் கையுறையும் முழுக்கைச் சட்டையும் போட்டுக்கொள்ளுங்கள். முதலில் காய்களை ஒவ்வொன்றாகக் கிள்ளி ஒரு தடித்த பையில் போடுங்கள், பழுத்த காய் ஆட்டினாலே வெடித்து விதை சிதறும். பிறகு தண்ணீர் ஊற்றி மண்ணை இளக்கி, வேரோடு இழுங்கள். எரிக்க வேண்டாம், ஆஸ்துமா சிகரெட்டில் வந்த அதே சரக்கு அந்தப் புகையிலும் வரும். ஆடு மாடு பொதுவாக வாடைக்கே ஒதுங்கிவிடும் என்றாலும் வெட்டிய செடியைத் தீவனத்தோடு சேர்த்துவிடாதீர்கள். ஆழமாகக் குழி தோண்டிப் புதைத்துவிடலாம், காய்ப் பையை மட்டும் கட்டிக் குப்பையில் சேருங்கள். கையுறையையும் அரிவாளையும் கழுவி வையுங்கள்.

அதோடு வேலை முடியாது. ஊமத்தை விதை மண்ணில் பொறுமையாகக் கிடக்கும். அமெரிக்காவில் 39 ஆண்டு மண்ணுக்குள் புதைத்துவைத்த விதைகளே முளைத்திருக்கின்றன. அடுத்த மழைக்குப் பிறகு ஒருமுறை, ஐப்பசி கார்த்திகையில் ஒருமுறை கொல்லையைச் சுற்றிப் பாருங்கள். நான்கைந்து இலை விடும்போதே வாடையை வைத்துக் கண்டுபிடித்துக் கிள்ளி எறிந்துவிடலாம். கீரைப்பாத்தி ஓரத்தை மட்டும் கூடுதல் கவனத்தோடு பாருங்கள்.